இரு கரைக்கும் ஒரே உப்பு

யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் சந்தியோகுவும் மனைவி ஞானசவுந்தரியும் கருவாடு போட்டு, தலைமன்னார்க் கப்பலில் இராமேஸ்வரத்து வியாபாரி ஒருவருக்கு அனுப்பி வந்தார்கள். எழுபதுகளின் நடுவில் அது தடைப்பட்டது.

தலைமன்னாரில் ஏற்றுமதிப் பரிசோதகர் தியாகலிங்கம், "உப்புக் காணாது, குறைவு, பழுதாகிப்போம்" என்று சுமையை மறித்தார். திரும்ப உப்பிட்டுக் கொண்டுபோனார்கள். விட்டார். இராமேஸ்வரத்துப் பரிசோதகரோ உப்புக் கூடிவிட்டதென்று முழுவதையும் திருப்பி அனுப்பினார். சந்தியோகு அதைப் புகையிலைத் தோட்டக்காரருக்குப் பயிர்ப் பசளையாகக் கொடுத்தான்.

"இனி இந்தியாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றான்.

ஞானசவுந்தரி அடுத்த கிழமை தானே தலைமன்னாருக்குப் போனாள்.

"ஐயா, இஞ்சை காணாது எண்டுறியள். அங்கை கூடிப்போச்சு எண்டுகினம். நான் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது?"

தியாகலிங்கத்துக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. "நான் என்ரை சட்டத்தைத்தான் பார்க்கலாம்" என்றார்.

"அக்கரையிலை இருக்கிறவையோடை ஒருக்காக் கதைச்சனீங்களோ?"

"இல்லை" என்றார் அவர். "கேட்டுப் பாக்கிறன். நீர் போயிட்டு வாரும்."

மேலிடத்தில் அனுமதி கிடைக்க மாதங்கள் ஆயின. கடைசியில் அவர் அக்கரைக்குப் போனார். அவரும் இராமேஸ்வரத்துப் பரிசோதகரும் ஒரே மீனை ஒரே மேசையில் சோதித்தார்கள். தியாகலிங்கம் சதைக்குள் இருந்த உப்பை மட்டும் அளந்தார். மற்றவர் மேலே படிந்த உப்பையும் சேர்த்து அரைத்து அளந்தார். சண்டை அவ்வளவுதான். மேல் உப்பைத் தட்டிவிட்டு அளப்பது, ஒரு கரையின் சான்றிதழை மறு கரை ஏற்பது என்று இரண்டு அரசாங்கமும் பிறகு ஒத்துக்கொண்டன.

கூடவே ஒரு விதி வந்தது: மணலில் காயவைக்கக் கூடாது, தரைக்கு மேலே பரண் கட்டி அதில் காயவைக்க வேண்டும்.

"என்ரை அப்பு மணலிலைதான் காயவைச்சவர்" என்று சந்தியோகு முறைத்தான்.

"பனஞ்சலாகை கிடக்குது. பரண் அடியுங்கோ" என்றாள் ஞானசவுந்தரி.

அடித்தான். பக்கத்து வீட்டு றோசம்மா கைம்பெண். பரணுக்கு அவளிடம் வழியில்லை. அந்த விதியால் அவள் தன் கருவாட்டுத் தொழிலை விடவேண்டி வந்திருக்கும். ஞானசவுந்தரி தன் பரணில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் சந்தியோகு றோசம்மாவின் கருவாட்டையும் சேர்த்த சுமையோடு அக்கரைக்குப் போனான். அங்கே சான்றிதழைப் பார்த்தார்கள், ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் றோசம்மாவின் வாசற் படலையடியில் நின்று கூப்பிட்டான்.

"அக்கா, உங்கடை சீலாக் கருவாடு அங்கை நல்லாப் பிடிச்சுப்போச்சு. இன்னும் வேணுமாம். போடுவியளோ?"

"ஓம், போடுறன்" என்றாள் றோசம்மா. "பரணை இன்னும் கொஞ்சம் நீட்டித் தாரும்."