முதல் அச்சில் இருந்த தீவு

மருதாசலத்தின் மனைவி துளசிமணி, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய நிலப்படத்தில், ஒரு தீவில் குடியிருந்தாள். டச்சுக்காரர்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட வங்காள விரிகுடா அது. தீவு அதன் நடுவே ஒரு பாக்கு அளவுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வடகரையில் பூச்சி அரித்திருந்த துளை வழியாக வெளியே வருவாள். தலைக்குக் குளித்து, மேசைமேல் இருந்த பூகோள உருண்டையைத் துடைத்து, சோறாக்கி, இருவருமாகச் சாப்பிட்ட பின் திரும்பிப் போவாள். கோயம்புத்தூரில் கடல் கிடையாது என்பதால் அவளுக்கு அது கொஞ்சம் மாறுதலாகவும் இருந்தது.

குடிபோன அன்று காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அங்க இருந்தாத் தெனமும் ஒருக்காவாச்சும் என்னையப் பாப்பீங்க," என்றாள்.

பார்க்கத்தான் செய்தார். மில் உதிரிபாகக் கடையை மூடிய பிறகு மனிதருக்குப் பார்க்க வேறு என்ன இருந்தது? ஆனால் அவர் பார்த்ததெல்லாம் தாளின் ஓரத்தை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், நடுமடிப்பு விட்டிருக்கிறதா, வண்ணம் அந்தக் காலத்தில் பூசியதா பின்னால் எவனாவது பூசியதா என்பதைத்தான். ஊரில் யார் பழைய நிலப்படம் வாங்கினாலும் மதிப்புப் போட அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவர் வீட்டுப் படத்தில் ஒரு பூச்சித் துளை. பசித்த வாய் போல அது அவரைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. அவருக்கு மனசே ஆறவில்லை.

பீளமேட்டில் ஆறுச்சாமி என்று இன்னொரு சேகரிப்பாளர். அவரிடம் இதே படத்தின் வேறொரு பிரதி, துளையோ கறையோ இல்லாமல், நாலு பக்கமும் அகலமான ஓரத்தோடு இருந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று ஆறுச்சாமியே கேட்டபோது, ஏன் கேட்கிறார் என்று மருதாசலம் யோசிக்கவில்லை. துளசிமணியைப் பற்றி யோசித்தார். அந்த அளவுக்கு நல்லவர்தான். இரண்டும் ஒரே தகட்டில் அச்சானவை, அதில் இருப்பவள் இதிலும் இருப்பாள் என்று முடிவுகட்டினார். இப்படி ஒரு முடிவு நிலப்படக்காரர்களுக்கு மட்டும்தான் தோன்றும். தன் படத்தைக் கொடுத்துவிட்டு, அதை வாங்கிவந்து சுவரில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. சீயக்காயை எடுத்து வைத்துக்கொண்டு மதியம்வரை காத்திருந்தார். பிறகு லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். தீவு இருக்கவேண்டிய இடத்தில் கடல் இருந்தது. உற்றுப் பார்த்தபோது அங்கே லேசாக ஒரு சொரசொரப்பு தெரிந்தது. அப்படி ஒரு தீவே இல்லை என்று மாலுமிகள் வந்து சொன்னதும், அச்சிட்டவர்கள் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி, முன்னால் தேய்த்து மட்டமாக்கி, மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சுவரில் இருந்தது பிந்தைய அச்சு. தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தது முதல் அச்சு. எது போய்விட்டது என்று நினைத்ததும் முதலில் மனசில் வந்தது அந்தத் தாள்தான், துளசிமணி அதற்கு அப்புறம்தான் வந்தாள் என்பதில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

பீளமேட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டதும், ஆறுச்சாமி மறுபேச்சில்லாமல் படத்தை மேசையில் விரித்துக் காட்டினார். தாள் பளிச்சென்று இருந்தது. செப்பனிடுகிறவரிடம் கொடுத்து, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துளையில் மெல்லிய காகிதம் ஒட்டி, அதன்மேல் அலைக்கோட்டையும் இழுத்து வாங்கியிருந்தார். லென்ஸில் துளசிமணி தெரிந்தாள். புடவை இன்னும் காயவில்லை. துளை இருந்த இடத்துக்குக் கீழே, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தைத் திருப்பித் தரும்படி மருதாசலம் கேட்டார். மாற்றியது மாற்றியதுதான் என்றார் ஆறுச்சாமி, கோபமில்லாமல். இத்தனை வருஷமாக மருதாசலமே எல்லோருக்கும் சொல்லிவந்த விதி அது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து நீட்டினார்.

"படத்தக் கேக்காதீங்க. வேணும்னா நீங்களே ஒரு ஓட்டையக் குத்திக்குங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க ஊட்டுக்காரம்மா வரட்டும்."

மருதாசலம் ஊசியை வாங்கினார். பழைய இடத்தில்தான் குத்தவேண்டும், ஒரு நூல் தள்ளினால் கரைக்கோடு பாழ். இடம் பார்க்க லென்ஸை வைத்தார். புதுத் தகட்டில் முதன்முதலாக உளி போன தடங்கள், கொஞ்சமும் தேயாமல், கருகருவென்று விழுந்திருந்தன. இந்த அச்சில் இன்னொரு பிரதியை அவர் எங்கும் கண்டதில்லை. ஊசியைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் எடுத்தார்.

துளசிமணி தலைக்குமேல் ஊசிமுனையைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"குத்துங்க," என்றார் ஆறுச்சாமி.

"முதல் அச்சுங்க இது," என்றார் மருதாசலம். அழுதுகொண்டேதான் சொன்னார்.

கடலில் அழகுக்காகச் செதுக்கியிருந்த பாய்மரக் கப்பல் கரைக்கு வந்து நின்றது. துளசிமணி ஏறிக்கொண்டாள். கப்பல் கிழக்கே திரும்பி, பாகை எண்கள் போட்ட சட்டத்தைத் தாண்டி, அச்சில்லாத வெள்ளை ஓரத்துக்குள் போயிற்று. இதற்குக் கிழக்கே ஒட்டி வரும் அடுத்த தாள் யாரிடம் இருக்கிறது என்று மருதாசலம் கேட்டார். அடுத்த தாளே கிடையாது என்றார் ஆறுச்சாமி. செதுக்கியவன் இந்தத் தாளை முடித்ததும் செத்துப்போனானாம்.

கப்பலின் பாரத்தில் தாளின் விளிம்பு வளைந்தது. பிறகு தானாக நிமிர்ந்துகொண்டது. மேசை ஓரத்திலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கீழே வைக்க ஒரு தாம்பாளம் எடுத்துவர ஆறுச்சாமி உள்ளே போனார். மருதாசலம், நனைந்துவிடக்கூடாதே என்று, படத்தை இரண்டு கையாலும் மெதுவாக மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.