கதவைத் தொடக் கூடாது

மூன்றாவது இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். பழைய கம்பெனியை மூடியதிலிருந்து மாதக்கணக்கில் வேலைக்காக அலுவலகங்களை ஏறி இறங்குகிறேன். "வேலை தெரிஞ்சவர்தான், ஆனா வாயே திறக்க மாட்டேங்கிறாரே" என்பதுதான் எல்லா இடத்திலும் தீர்ப்பு. லிஃப்டைச் சரிசெய்ய வாய் எதற்கு? ஸ்பானரைப் பல்லிலா கவ்வப் போகிறேன்? இதையெல்லாம் மனதுக்குள் பிரமாதமாகப் பேசுவேன். எதிரே ஆள் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போகப் போக அந்தப் பயம் கைக்கும் இறங்கிவிட்டது. போன வாரம் சமையலறைக் குழாய் சொட்டியபோது, "யாரையாவது கூப்பிடு" என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழாயில் துணியைச் சுற்றினாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

நான்காவது நேர்காணல் போனில். என் மனைவிக்கு மௌனம் ஆகவே ஆகாது. யாராவது கேள்வி கேட்டு நான் யோசிக்க ஆரம்பித்தால், அந்த இடைவெளியில் புகுந்து பதில் சொல்லிவிடுவாள். டாக்டரிடம் என் வயிற்று வலியைக்கூட அவள்தான் விவரிப்பாள். எனக்கும் அது சௌகரியம்தான், மறைப்பானேன். தைரியத்துக்கு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டேன். "சத்தியமா பேச மாட்டேங்க" என்றிருந்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் மேலாளர். முதல் சில கேள்விகள் ஒற்றை வார்த்தைப் பதில்களில் எப்படியோ கழிந்தன. பிறகு கேட்டார்: "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

நான் யோசித்தேன்.

"கதவை உடைச்சிடுவாருங்க" என்றாள் என் மனைவி.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"யாரது?"

"என் வீட்டுக்காரம்மா" என்றேன். நிறுத்த முடியாமல் அடுத்ததும் வந்துவிட்டது. "அது தப்பு மேடம். கதவைத் தொடக் கூடாது. முதல்ல உள்ள இருக்கறவங்ககிட்ட பேசுவேன்."

"நீங்களா?" குரலில் சிரிப்பு இருந்தது. "என்ன பேசுவீங்க?"

எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று சொன்னதுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன். லிஃப்ட் கீழ விழாது. காத்து வரும், மூச்சு முட்டாது. கதவை விட்டுத் தள்ளி, கீழ உட்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும். நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

கண்ணைத் திறந்தபோது என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாக அவளும்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று மேலாளர் போனை வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு மனப்பாடம்.

"என்னாலதான் கெட்டுப்போச்சு" என்றாள் அவள்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல மிச்சத்தையும் அவளே பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை.

"இல்ல" என்றேன். "நாளைக்கு இன்னொரு இடத்துக்கு நானே போன் பண்றேன். அதுவும் இல்லன்னா வேற இடம். பயப்படாத."

"ம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சின்னதாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.