இடக்காலின் படம்

...கைப்பைக்குள்தான் வைத்தார் பெரியம்மா, கண்ணால் கண்டது, மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவே இல்லை, கடவுச்சீட்டுகள் இருக்கிற கைப்பைக்குள், அப்படியென்றால் இந்த முறை மறக்கமாட்டார், மறக்கக்கூடாது என்றுதானே அங்கே வைத்திருக்கிறார் என்று கஜனி தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். காலையிலிருந்து அவளுடைய கண் அந்த மண்ணிற உறையை விட்டு அகலவில்லை. விறாந்தையில் நான்கு சூட்கேஸ்கள் வாயைப் பிளந்து கிடந்தன. கனடாவிலிருந்து வந்த ஜெகதீஸ்வரி பெரியம்மாவின் மகள் பிரியந்தினி அக்கா ஒவ்வொன்றையும் தராசுக் கொக்கியில் தூக்கி, இருபத்துமூன்று, இருபத்துநாலரை என்று கத்தினாள், கூடினதற்கு ஏதாவது வெளியே வந்தது, முதலில் அம்மா இடித்துக் கொடுத்த அரிசிமா, பிறகு கஜனி ஒரு கிழமையாய் இருந்து பின்னிய கதிரை விரிப்பு, அது வந்தபோது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, விரிப்புத்தானே, கிடக்கட்டும், உறை மட்டும் போனால் போதும்... உறைக்கு என்ன பாரம், ஒரு எக்ஸ்ரே படம், ஒரு கால், அதுவும் எலும்பு மட்டும்.

அந்தப் படத்துக்காக அவள் முள்ளியவளையிலிருந்து முதல் பஸ்ஸில் போய், ஆஸ்பத்திரி வரிசையில் ஆறு மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் நின்றாள், இருக்க வாங்கில் இடமில்லை, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்று நின்று அதுவும் மரத்துப்போனது, இடது கால்தானே என்று படம் எடுக்கிறவர் கேட்டு மூலையில் L என்ற சின்ன எழுத்தை வைத்தார். ஆறு வருடத்துக்கு முன் வந்தபோதும் பெரியம்மா ஒரு படம் கொண்டுபோனார், ரொறன்ரோவில் தெரிந்த எலும்பு டொக்டர் இருக்கிறார், காட்டிக் கேட்கிறேன் என்றார், பிறகு டொக்டர் லீவில் என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை, கேட்க அம்மாவும் விடவில்லை, "அவையளுக்கு ஆயிரம் சோலி, நச்சரியாதை" என்றாள். இந்த முறை பெரியம்மா தானாகவே கேட்டாரே... வந்திறங்கின இரண்டாம் நாளே, பழைய படம் சரிவராது பிள்ளை, புதுசா ஒண்டு எடுத்துத் தா என்று. மறக்கவில்லை! மூன்று வயதில், முள்ளிவாய்க்காலில், அம்மாவின் இடுப்பில் இருந்தபோது காலில் ஏறிய ஷெல் துண்டை ரொறன்ரோவில் ஒருவர் நினைவு வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு முழுக்க கஜனி மனதுக்குள் நேராக நடந்தாள், பத்தாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடத்தின் படிகளில் ஏறி இறங்கினாள், பின்னால் வந்து அவளைப் போலவே இழுத்து நடந்து காட்டி வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்த யதுர்ஷனுக்கு முன்னால் ஒருக்கால், போக ஒருக்கால், வர ஒருக்கால்.

வாடகை வான் இரண்டு மணிக்கு வரும், கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஏழு எட்டு மணித்தியாலம், அங்கே ஒரே சனமாம், வெளிநாடுகளில் பள்ளிக்கூடம் தொடங்குகிற காலமாம், எல்லாரும் ஒரே கிழமையில் திரும்புகிறார்களாம். "வரேக்க கியூவில நிண்டு என்ர முதுகு முறிஞ்சு போச்சடி அமராவதி" என்று பெரியம்மா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போகேக்க அந்தக் கரைச்சல் இல்லை. வீல்செயர் கேட்டிருக்கு. அவங்களே வந்து தள்ளிக்கொண்டு போவாங்கள், கூடப் போற ஆக்களுக்கும் கியூ இல்லை." அம்மா பயந்துபோனாள். "ஏனக்கா, காலுக்கு என்ன?" "காலுக்கு ஒண்டுமில்லையடி, போன கிழமை வற்றாப்பளைக் கோயிலைச் சுத்திக் கும்பிட்டனான்தானே" என்று பெரியம்மா சிரித்தார், பிரியந்தினி அக்காவும் சிரித்தாள், "எயார்போட்டில துள்ளிக்கொண்டு வானால இறங்காதேங்கோ, அதுதான் எனக்குப் பயம்." அம்மாவும் சிரித்தாள், ஏன் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வாள்... அப்போது பெரியம்மாவின் பார்வை திரும்பியது. "பிள்ளை, இஞ்ச வா. ஒருக்கா நடந்து காட்டு பாப்பம்."

எங்கே நடக்க, ஏன் நடக்க என்று கேட்கலாம், ஆனால் கைப்பை பெரியம்மாவின் மடியில் இருந்தது. கஜனி முற்றத்தில் கிணற்றடிவரை போய்த் திரும்பி அவரை நோக்கி வந்தாள். "மெல்ல வா பிள்ளை... எந்தத் தோள் இறங்குது... ஆ, சரி, இன்னொருக்கா." பெரியம்மா எழும்பி, அவளுக்கு நேரெதிரே நின்று, அவள் அடி வைக்க வைக்கத் தானும் அடி வைத்து வந்தார். யதுர்ஷன் பின்னால் வந்தான், முகம் தெரியாது. இது முன்னால், முகம் தெரிகிறது, அன்பான முகம்தான், அதுதான் கஷ்டம். எத்தனை தரம் நடந்தாள், மூன்றா நான்கா... தன் கால் எப்படிப் போகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள், குதி மண்ணைக் கீறுகிறது, இடுப்பு ஒரு பக்கம் வெட்டுகிறது, இப்படித்தானா, இவ்வளவுமா...

"அம்மா, படத்தைப் பையில மேலுக்கு வையுங்கோ, கவுண்டரில ஏன் வீல்செயர் எண்டு கேட்டால் டக்கெண்டு காட்டலாம்" என்றாள் பிரியந்தினி அக்கா. "கஜனியின்ர பேருக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டன். போன முறையும் படம் இருந்தபடியாத்தானே சுகமாப் போனனாங்கள். ஆனா அம்மா, உங்கட எலும்புக்கு இப்ப பத்தொன்பது வயசு!" "பாத்தியேடி அமராவதி, குமரியாய்ப் போறன்!" என்றார் பெரியம்மா. அம்மா சிரிக்கவில்லை. அரிசிமாப் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். போன முறையும்... அப்படியென்றால் டொக்டர் லீவில் இல்லை, டொக்டரே இல்லை, ஆறு வருடமாக அவள் காத்திருந்தது யாருக்கு? "டொக்டரிட்டக் காட்டுவியள்தானே பெரியம்மா?" என்று அவளுடைய வாய் கேட்டது, கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. "ஓமோம், காட்டாமல்? முதல்ல எயார்போட்டால தப்பிப் போவம்."

வான் படலையில் வந்து ஹோர்ன் அடித்தது. பெட்டிகள் ஏறின. பெரியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலிலிருந்து படலைவரைக்கும் கடைசி ஒத்திகையாக இழுத்து இழுத்து நடந்தார், நன்றாகவே வந்தது, தோள் இறங்கியது, குதி மண்ணைக் கீறியது, வலக்குதி. வலக்கால். எதிரே நின்று பார்த்துப் பழகியதால் பக்கம் மாறிவிட்டது. உறைக்குள் மூலையில் L. சொல்லலாம். "சரியே பிள்ளை?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார் பெரியம்மா, சிறுபிள்ளை மாதிரி. கஜனி அவருடைய காலைப் பார்த்தாள். "ஓம் பெரியம்மா, அந்த மாதிரி!"

வான் திரும்பித் தண்ணீரூற்றுப் பக்கம் போய், புழுதியும் அடங்கிவிட்டது. அவள் படலையைச் சாத்தாமலே நின்றாள். எயார்போட்டில் ஒருவரும் பார்க்கப் போவதில்லை, சனம் அப்படி, கதிரையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், இடதா வலதா என்று யாருக்கு வேண்டும்... ஆனாலும் ஒருவர், யாராவது ஒருவர், அந்த உறையைத் திறந்து படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. பெரியம்மா அகப்படவேண்டும் என்றா அது, அல்லது தன் காலை ஒருவராவது ஒருதரம் பார்க்கவேண்டும் என்றா... நின்று நின்று யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.