ஆறாவது மேற்பார்வையாளர்

பள்ளிச் சீருடைக் காற்சட்டைகள் பதினான்கு. அத்தனைக்கும் அடி மடித்துத் தைத்து மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தையல்காரி ஏழாவதை இயந்திரத்தில் வைத்து மிதிக்கத் தொடங்கும்போது போன் அடித்தது. கணவன்தான். கடல் தாண்டி ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன்.

"முத்திரையைப் போய்ப் பார்த்தியா இல்லையா?"

"இன்னைக்குப் போறேங்க."

"இதையேதான் போன வாரமும் சொன்னே. எங்கூட இருக்கிறவன் பொண்டாட்டி அவர்கிட்ட போய் இருபதே நாள்ல வந்து இறங்கிட்டா. நீ இன்னும் ஊசியில நூல் கோத்துக்கிட்டே இரு."

அவளுக்குச் சுருக்கென்றது. பேசினால் சண்டை வரும் என்று மிதியை அழுத்தினாள். கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து வாழ்ந்தது எழுபத்தொன்பது நாள். அவளும் எண்ணி வைத்திருந்தாள், அவனும் எண்ணி வைத்திருந்தான். கிடங்கில் அவனுக்கு லீவு தருவதாக இல்லை. அவள் போனால்தான் உண்டு. மூன்று மாத விசிட் விசா, அவ்வளவுதான் இருவரும் கேட்டது.

முத்திரை என்பது அந்த விசா ஏஜென்ட்டுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர். அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தால் ரப்பர் முத்திரைகள். டாக்டர், தலைமையாசிரியர், வங்கி மேலாளர், தொழிற்சாலை முதலாளி என்று சகல பெரிய மனிதர்களும் அந்த இழுப்பறைக்குள் குடித்தனம் நடத்தினார்கள். வாசலில் மட்டும் ஆலோசகர் என்று பலகை தொங்கியது. அன்று மாலை அவள் அங்கே போய் உட்கார்ந்தாள்.

"என்ன வேலை பார்க்கிறே?" என்றார் நிமிர்ந்து பார்க்காமல்.

"தையல் சார். வீட்டுலயே. பன்னெண்டு வருஷமா." பையிலிருந்து தடித்த அளவு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்துக்கு ஓர் ஆள்: இடுப்பு, நீளம், தோள், கொடுக்க வேண்டிய தேதி. அடுத்த வருஷத்துப் பள்ளிச் சீருடை ஆர்டர்கூட அதில் ஏறியிருந்தது. "இதைப் பார்த்தாலே நான் திரும்பி வந்துடுவேன்னு தெரியும்ல சார்? இவங்களை எல்லாம் விட்டுட்டு நான் எங்க போவேன்?"

முத்திரை நோட்டைத் திறக்கவே இல்லை. ஒரே விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"தையல்காரின்னு எழுதினா விசா ஜன்னல்லேயே துரத்திடுவான். இந்தக் கந்தல் நோட்டை வீட்டுல வச்சிட்டு வாம்மா." கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு காகிதம் வந்து விழுந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடமாகத் தர மேற்பார்வையாளர் என்று அதில் இருந்தது. இழுப்பறை திறந்தது, முத்திரை விழுந்தது.

"நான் அங்க வேலை பார்க்கலையே சார்."

"அங்க வேற யாரு மட்டும் பார்க்கிறா? கையெழுத்தைப் போடு. வெளியில ஆளு நிக்குது."

விண்ணப்பத்தின் அடியில், மேலே தந்த விவரங்கள் யாவும் உண்மை என்று அச்சடித்திருந்தது. அவள் அதைப் படித்தாள். படிக்கத் தெரியாதவள் என்று அவளுக்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. அரை அங்குலம் கோணலாகப் போனால் முழுத் தையலையும் பிரித்து மறுபடி தைக்கிறவள், அந்த வரிக்குக் கீழே கோணாமல் கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது மேற்பார்வையாளர் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பதினெட்டாம் நாள் நேர்காணல். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மாள். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

"எங்க வேலை?"

"ஆயத்த ஆடைத் தொழிற்சாலை மேடம். தர மேற்பார்வையாளர்."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"நா... நாப்பது."

"தொழிற்சாலை எந்தத் தெருவில இருக்கு?"

முத்திரை அதைச் சொல்லித் தரவில்லை. அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து ஐந்து காகிதங்களை வரிசையாகப் பரப்பினாள். அதே தலைப்பு, அதே முத்திரை, முத்திரையின் ஓரத்தில் அதே உடைசல். ஆறாவதாகத் தையல்காரியின் காகிதத்தை அருகில் வைத்தாள்.

"இந்த மாசம் அங்கேருந்து வர்ற ஆறாவது தர மேற்பார்வையாளர் நீங்க. இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் மீன் வெட்டுறவர், ஒருத்தர் பஸ் ஓட்டுறவர். எல்லாரும் மேற்பார்வை பார்த்தா அங்க தைக்கிறது யாரு?"

"நான்தான் மேடம்!"

வாயை மீறி வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. முத்திரை சொல்லியும் வீட்டில் விட்டு வராத நோட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "நான் தைக்கிறவ மேடம். வீட்டுல. இந்தாங்க, இதுதான் என் நோட்டு. நூத்துப் பதினோரு பேர் இருக்காங்க. தேதி பாருங்க, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு."

அதிகாரி இரண்டு பக்கம் புரட்டினாள். ஒரு கணம் கை நின்றது. பிறகு நோட்டை ஜன்னலுக்கு அடியில் திருப்பித் தள்ளினாள்.

"இதை முதல்லயே கொடுத்திருந்தா பக்கம் பக்கமா படிச்சிருப்பேன். இப்ப இது நேத்து உட்கார்ந்து எழுதினதில்லைன்னு எனக்கு யாரு சொல்றது?" கல்யாணச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுவும் அங்கேயே அடிச்சதா?"

"ஐயோ, எங்க கல்யாணம் நிஜம் மேடம்!"

"இந்த வேலை லெட்டரும் நிஜம்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பொய் ஆவணம் என்று குறிப்பு எழுதி விசாவை மறுத்தார்கள். ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது என்றும் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

வெளியே வந்து கணவனைக் கூப்பிட்டாள். அவன் முதலில் எரிந்து விழுந்தான். "ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்ல வரலையா உனக்கு?"

"வரலைங்க. தைக்கத்தான் வரும். அதைச் சொல்ல உங்களுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். அதுக்குத்தான் இது."

அந்தப் பக்கம் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. "அஞ்சு வருஷமா?" என்றான். "ம்" என்றாள். யார் முதலில் போனை வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே முத்திரையின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் மறுப்புக் கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"உன் முழி சரியில்லை, அதான் பிடிச்சுட்டான். பேரை லேசா மாத்திப் புதுசாப் போட்டுடலாம். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறே!"

அவள் திரும்பினாள். பெஞ்சில் ஓர் இளம்பெண் புதுக் காகிதத்தை மசி காய விசிறிக்கொண்டிருந்தாள். தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேலைம்மா பார்க்கிறே?"

"பார்லர்ல முடி வெட்டுறேன்க்கா. வீட்டுக்காரர் அங்க இருக்கார்."

"இதுல என்ன போட்டிருக்கு?"

பெண் நெளிந்தாள். "தர மேற்பார்வையாளர்."

"ஏழாவது" என்றாள் தையல்காரி. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஏய், என் வாடிக்கையைக் கலைக்காதே!" முத்திரை நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உனக்கு ராசியில்லைன்னா நான் என்ன பண்ணுவேன்? இஷ்டப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டே?"

"ஆமா. கையெழுத்து என்னோடதுதான், இல்லைன்னு சொல்லலை. நீங்க முத்திரை குத்தினீங்க, நான் வாங்கிக்கிட்டேன்." அளவு நோட்டைப் பெண்ணின் மடியில் விரித்து வைத்தாள். "பாரும்மா. பன்னெண்டு வருஷ உண்மை இது. இதை மறைச்சிட்டு அந்த ஒத்தைக் காகிதத்தை நீட்டினேன். இன்னைக்கு என் கல்யாணத்தையே நிஜமான்னு கேட்டுட்டாங்க. முடி வெட்டுறேன்னே எழுது. அதுக்கு விசா தரலைன்னா அடுத்த மாசம் மறுபடி கேட்கலாம். ஆனா பொய்யில ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டா, அதுக்கப்புறம் நீ சொல்ற எந்த உண்மையையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

பெண் காகிதத்தை விசிறுவதை நிறுத்தினாள். அதை நாலாக மடித்துக் கொண்டுபோய் முத்திரையின் மேசைமேல் வைத்தாள்.

"வேற ஃபாரம் கொடுங்க சார்" என்றாள். "நானே எழுதிக்கிறேன்."