மங்கல் சரக்கு

புதுப் பெட்டியைப் பிரித்து ஒரு பல்பை எடுத்துச் சோதனைப் பலகையில் மாட்டி, சுவிட்சைத் தட்டினார் விளக்குக் கடை முதலாளி. பல்பு எரிந்தது. அவர் முகம்தான் பிரகாசிக்கவில்லை.

"வெள்ளை வெளிச்சம்னு அட்டையில போட்டிருக்கான். இதைப் பாரு, நனைஞ்சு காஞ்ச பேப்பர் மாதிரி இருக்கு."

கல்லாவில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு வெள்ளையாத்தாங்க தெரியுது."

"உன் தம்பி அனுப்பினா கரித்துண்டுகூட உனக்கு வெள்ளைதான்."

அவளுடைய தம்பிதான் அவருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி. உறவு வேறு, வியாபாரம் வேறு என்று இருவருமே சொல்லிக்கொள்வார்கள். இரண்டிலும் சண்டை போடுவார்கள்.

கடைவீதியில் முதலாளிக்கு 'முக்கால்' என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் முக்காலில்தான் வாயைத் திறப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், "கடைவாய்ப் பல்லுக்கும் முன்பல்லுக்கும் ஒரே ரேட்டா டாக்டர்?" என்று கேட்டவர். எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னால் ஆறில் முடித்துக்கொள்வார் என்பாள் மனைவி. அந்தப் பட்டப்பெயரை அவர் கழுத்தில் விழுந்த மாலையாகத்தான் நினைத்தார்.

போனை எடுத்தார். "மச்சான், இந்த லோடு மங்கலா இருக்கு. மஞ்சளடிக்குது. இதை நான் எவன் தலையில கட்டறது?"

மறுமுனையில் சிரிப்பு. "போன லோடுக்கும் இதையேதான் சொன்னீங்க மாமா. அதுக்கு முந்தினதுக்கும் இதேதான். புதுசா ஏதாவது யோசிச்சுட்டு வாங்க."

"விளையாடறேனா நான்? நீயே வந்து பாரு."

"வந்தா ஒரு காபியக் குடுத்து இன்னும் கொஞ்சம் குறைப்பீங்க. வேணாம் சாமி. வழக்கம்போலக் கழிச்சுக்குங்க."

விலை குறைந்தது. வெளிச்சம் கூடவில்லை.

சிக்கலே இங்கேதான் இருந்தது. வேறொருவர் இப்படி மூன்று முறை சொல்லியிருந்தால், கண்ணைக் காட்டினீர்களா என்று யாராவது கேட்டிருப்பார்கள். முக்கால் சொன்னால் அது பேரம். பல்பு மங்கல் என்றால் பேரம், கண்ணாடி அலமாரி மங்கல் என்றால் அதுவும் பேரம். பாதி உலகம் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சியது. மீதி உலகம் விலையைக் குறைத்துவிட்டு நகர்ந்தது.

அவருக்கே தெரியாதா என்றால், தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பேப்பர் படிக்கும் நாற்காலி ஜன்னலோரமாக நகர்ந்திருந்தது. எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் பூ மாதிரி விரிந்து கண்ணை அடைத்தது. தூக்கம் போதவில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரே பார்வையில் எந்த அறைக்கு எந்த வெளிச்சம் என்று சொல்லுவதுதான் அவருடைய மூலதனம். விளக்கு விற்கிறவனுக்கே கண் மங்கிவிட்டது என்று கடைவீதியில் கிளம்பினால் அப்புறம் எவன் படி ஏறுவான்? அவர் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு கண் மருத்துவமனை. அதன் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்ததே அவர்தான். அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்தது.

மகள் கால்நடை மருத்துவம் படித்து முடித்திருந்தாள், வகுப்பிலேயே முதலாவதாக. விடுதியில் தங்கி வெளியூரில் படித்தவள். பட்டமளிப்பு விழாவில் அவளுக்குப் பதக்கம். விழாவுக்கு வாடகை வண்டியில் போய் இறங்குவதா? சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு கட்டினார். வேறொருவர் ஓட்டிய பழைய காரைத்தான் வாங்கினார், ஆனால் வாங்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவுகளைத் தட்டிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். விற்றவர் கடைசியில், "ஐயா, நீங்க வாங்கவே வேணாம், என்னை விட்டாப் போதும்" என்ற நிலைக்கு வந்தபிறகுதான் சாவியை வாங்கினார்.

அப்படி வாங்கிய காரின் முன்விளக்கு மங்கலாக இருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டு போனார். மெக்கானிக் பல்பை மாற்றினான். மறுபடி போனார். கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். மறுபடியும் போனார்.

"முதலாளி, இதுக்கு மேல பளிச்சுனு வேணும்னா சூரியனைத்தான் கழட்டி மாட்டணும். உங்களுக்கு வண்டிய இலவசமாக் கழுவித் தரணும், அவ்வளவுதானே? நேராக் கேளுங்களேன்."

"கழுவியும் குடு" என்றார் முதலாளி.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை முதலாளியும் மனைவியும் துணிக்கடைக்குப் போனார்கள். முதலாளி ஒரு கோட்டை எடுத்துக் கறுப்பு என்றார். மனைவி கருநீலம் என்றாள். விற்பனையாளர் வாடிக்கையாளரின் பக்கம் நின்று கறுப்பு என்றார். பக்கத்துக் கடையில் மகளுக்கு ஒரு நல்ல தோல் பை வாங்கினார்கள். மனைவி தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கினாள். பைகளைப் பின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கோட்டில் தான் எப்படி இருக்கப் போகிறோம் என்று முதலாளி மனைவிக்கு விவரித்துக்கொண்டே திருப்பத்தில் திரும்பினார்.

"ஐயோ, ஆளு!"

மனைவியின் குரல் வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார். பம்பருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு சைக்கிள் சாய்ந்து, அதைப் பிடித்தபடி ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் கடைவீதியின் தபால்காரர். பயத்தில் எல்லோருக்கும் வருவது போல முதலாளிக்கும் கோபம்தான் முதலில் வந்தது.

"லைட்டு இல்லாம சைக்கிள் ஓட்டிக்கிட்டு வந்தா எப்படி?"

"எரியுதுங்களே முதலாளி." தபால்காரர் விளக்கைத் தொட்டுக் காட்டினார். "உங்க கடையிலதானே வாங்கினேன். பிரமாதமான வெளிச்சம்னு நீங்கதானே சொன்னீங்க."

முதலாளி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். அப்புறம் வண்டியை எடுத்தார். "பாத்தியா, அதுவும் உன் தம்பி சரக்குதான்" என்றார். வீடு வரைக்கும் மனைவி மடியில் இருந்த தன் கைப்பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வயிறு சரியில்லை என்றார்.

விழா நாளன்று பளீரென்ற பகல் வெளிச்சம். கார் பிரச்சினையில்லாமல் போய்ச் சேர்ந்தது. மண்டபத்தின் நடுவரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சைத் தொடங்கினார் முதலாளி. காரைப் பற்றி ஆரம்பித்து, மகள் ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்றிய கதைக்கு வந்து, அவளுடைய மூளை தன் பக்கத்து மூளை என்பதில் நிறுத்தினார். பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனிதர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பதக்கம் வாங்குகிறவர்கள் மேடையின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு அங்கியில். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க முன்பக்கம் ஓடிவிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது. பெயர்களைக் கைதட்டல் விழுங்கியது. முதலாளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முதலில் ஒரு பெண் நடுமேடைக்கு வந்து போனாள். அடுத்து உயரமாக ஒருத்தி வந்தாள். நடையைப் பார், அதே நடை. முதலாளி எழுந்து நின்று, கோட்டின் தையல் தெறிக்கும்படி கை தட்டினார்.

"அதோ, அதுதாங்க என் பொண்ணு. முதல் பரிசு."

பக்கத்து நாற்காலிக்காரர் தயங்கினார். "அது என் பொண்ணுங்க."

"என்னது?"

"உங்க வீட்டம்மா முன்னால ஓடிப்போய்ப் படம் எடுத்தாங்களே, முதல்ல வந்த அந்தப் பொண்ணுதானே உங்க பொண்ணு? அது இந்தப் பக்கம் பாத்துக் கையக்கூட ஆட்டுச்சு. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. வீட்டுல ஏதோ மனஸ்தாபம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

முதலாளி உட்கார்ந்தார். தட்டிய கை இன்னும் சூடாக இருந்தது. எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்த அந்த ஒரு நிமிடம் அவர் கண்ணெதிரே வந்து, கையாட்டிவிட்டு, போயிருக்கிறது. மகள் மேடையிலிருந்து பார்த்தபோது அப்பா அவளை யாரோ போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின்னாலேயே தபால்காரரின் முகமும் வந்து நின்றது. அந்த சைக்கிள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வெளியே மரத்தடியில் மகள் பதக்கத்தோடு ஓடிவந்தாள். "அப்பா, கையாட்டினேனே, பாக்கலையா?"

முதலாளியின் நாக்கில் சாக்குகள் வரிசையாக வந்து நின்றன. முன்னால் ஒருவன் மறைத்தான் எனலாம், கண்ணில் தண்ணீர் எனலாம், எல்லாமே நம்பக்கூடியவை. எல்லாவற்றையும் அவர் திருப்பி அனுப்பினார்.

"தெரியலம்மா. ரொம்ப நாளாவே சரியாத் தெரியல."

மகள் சிரிப்பை நிறுத்தினாள். அவருடைய தாடையைப் பிடித்து நிழல் பக்கம் திருப்பி, போன் விளக்கைப் போட்டுக் கண்ணுக்குள் பார்த்தாள். பட்டம் வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"வயசான நாய்ங்களுக்கு இதை நிறையப் பாத்திருக்கேன்ப்பா. கண்புரை மாதிரிதான் இருக்கு. மனுஷ டாக்டர்கிட்டக் காட்டுங்க, சரியாயிடும்."

"நாய் தேவலைடி" என்றாள் மனைவி. "காட்டுன்னா காட்டிட்டு நிக்கும். விலை பேசாது."

முதலாளி கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். யாரும் கேட்காமல் தானாக ஒன்றைக் கொடுத்தது அவருக்கே புதிதாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் பின் இருக்கையில் பதக்கத்தை மூக்கருகே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை, இரண்டு கடை தள்ளியிருந்த அந்த வாசலில் மெதுவாகவே நடந்து உள்ளே போனார். இரண்டு கண்ணிலும் புரை என்றார் மருத்துவர். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. முதலாளி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரே ஆளோட ரெண்டு கண்ணு டாக்டர். ஜோடியா எடுத்தா…"

மனைவி முழங்கையால் இடித்தாள். முதலாளி வாயை மூடினார்.

இரண்டு கண்ணும் ஆறிய பிறகு கடைக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மஞ்சள் சுவர் என்று அவர் நினைத்திருந்தது வெள்ளைச் சுவர். அலமாரியில் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. கல்லாவில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பாக்காதப்போ" என்றாள் அவள். ஆனால் சிரித்தாள்.

பெட்டியைப் பிரித்து ஒரு பல்பை மாட்டினார். பால் மாதிரி எரிந்தது. போனை எடுத்தார். "மச்சான், சரக்கு நல்லா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கு. முழு விலையே போட்டுக்கோ."

"மாமா, இது எந்த மாதிரி பேரம்? எனக்குப் பயமா இருக்கு" என்றான் மச்சான்.

அந்த நேரத்தில் படியேறி வந்தார் எதிர்வரிசைச் செருப்புக் கடைக்காரர். தினமும் வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு தானே ஓட்டுகிறவர். கையில் போன மாதம் வாங்கிய பல்பு. அவருக்குப் பின்னாலேயே தபால்காரரும் கடிதங்களோடு வந்து நின்றார்.

"முதலாளி, இது மங்கலா இருக்கு. மாத்திக் குடுங்க, இல்ல விலையைக் குறைங்க. வேன் லைட்டும் இப்படித்தான் மக்கர் பண்ணுது, மெக்கானிக் ஏமாத்தறான்."

முதலாளி அந்த பல்பை வாங்கிப் பலகையில் மாட்டினார். கடை முழுக்க வெளிச்சம் நிரம்பியது. செருப்புக் கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பாத்தீங்களா, மங்கல்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. கல்லாவைத் தாண்டி வெளியே வந்து, முதலில் தபால்காரரின் கையைப் பிடித்தார். "அன்னைக்கு உங்க லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது. எனக்குத்தான் தெரியல. அதைச் சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போனேன், மன்னிச்சுக்குங்க."

"அட, விடுங்க முதலாளி" என்றார் தபால்காரர். "ஆனா இனிமே பெல்லையும் நல்லா அடிச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

பிறகு முதலாளி செருப்புக் கடைக்காரரின் தோளில் கையைப் போட்டு வீதியில் இறங்கினார். இரண்டு கடை தள்ளி இருந்த வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க? விலை எவ்வளவு குறைப்பீங்க, அதைச் சொல்லுங்க."

"ஒரு காசு குறைக்க மாட்டேன். நீங்க முதல்ல கண்ணைக் காட்டுங்க. பழைய காரை வாங்க நான் அதுக்கு அடியில படுத்தெல்லாம் பாத்தேன், அதை ஓட்டறவனைப் பாக்கல. கண்ணு மங்கிடுச்சுன்னு ஒத்துக்கறதுல கௌரவம் ஒண்ணும் போயிடாது, வைத்தியம் இருக்கு. தெரியாத கண்ணை வச்சுக்கிட்டுத் தெரியற மாதிரி ரோட்டுல வண்டி ஓட்டறோம் பாருங்க, அது அடுத்தவன் உயிர்ல பேரம் பேசற வேலை. நான் பேசாத பேரமில்ல. அந்த ஒண்ணை மட்டும் யாரும் பேசக் கூடாது."