அவர் மிதித்தால் எரியும் விளக்கு

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே சீட்டு. மெக்கானிக்கின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அதில் மலைக்குப் போகவேண்டும், அதுவும் இன்றைக்கே. நாற்பது வளைவு. பிரேக்கில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தங்கையை அனுப்பிவைக்க மெக்கானிக் என்ன கேனையனா?

முன் சக்கரங்களுக்கு ஒரு குழாய், பின் சக்கரங்களுக்கு ஒன்று. நடுவில் ஒரு சின்னப் பித்தளை வால்வு. எந்தப் பக்கம் அழுத்தம் குறைந்தாலும் வால்வுக்குள் இருக்கும் பிஸ்டன் நகரும், ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் அதன் வேலை. மெக்கானிக் அதைக் கழற்றிக் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு, பிஸ்டனை நடுவில் நிறுத்தி மாட்டினான். குழாயில் இருந்த காற்றையும் எடுத்தான். தானே மிதித்துப் பார்த்தான். பெடல் கல் மாதிரி நின்றது, விளக்கு எரியவில்லை.

மாப்பிள்ளை உட்கார்ந்து மிதித்தார். எரிந்தது.

எங்கேயோ ஒழுகுகிறது என்று குழாய் நெடுகத் தடவினான். ஒரு சொட்டு ஈரம் இல்லை. தங்கையை மிதிக்கச் சொன்னான், எரியவில்லை. மாப்பிள்ளை மிதித்தார், எரிந்தது. உங்கள் கால் ரொம்பக் கனம் என்று கேலி பேசிக்கொண்டே மறுபடி வால்வைப் பிரித்தான். பிஸ்டன் வைத்த இடத்தில், நட்டநடுவில் இருந்தது.

விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கொடு, நேரமாகிறது என்றார் மாப்பிள்ளை. மெக்கானிக் வால்வை மாட்டினான். ஒயரை உருவிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவ மிதிங்க மாப்ளே."

அவர் மிதித்தார். விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஒயரைக் கீழே போட்டான். பிரேக் சரியாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சரியில்லாதது எது என்று வாயைத் திறந்து சொல்லத்தான் பயமாக இருந்தது. வேலை முடியவில்லை, வண்டி இன்று நகராது என்று கூசாமல் பொய் சொன்னான்.

மாப்பிள்ளை காதில் போட்டுக்கொள்ளாமல் சாவியைத் திருகினார். "ஏறு" என்றார் தங்கையிடம்.

அவள் கதவைத் தொடவில்லை. அண்ணனின் எண்ணெய்க் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகலண்ணே" என்றாள். "போறப்ப ரெண்டு பேரு, வர்றப்ப ஒருத்தர்னு நேத்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."