வந்துக்கிட்டே இருக்கு

முதல் பாட்டு முடிந்தது. இசைக்குழுவின் வயலின்கள் கடைசி ஸ்வரத்தை இழுத்து ஓய்ந்தன. பானுப்ரியா மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஒரு கைதட்டல்கூட வரவில்லை.

திண்டுக்கல்லின் அந்த அரங்கத்தில் காலி நாற்காலியே இல்லை. முன்வரிசைகளில் அகரத்திலிருந்து வேன் பிடித்து வந்த அவளுடைய ஊர்க்காரர்கள். பின்னால் டவுன் குடும்பங்களும் கல்லூரிப் பிள்ளைகளும். திருவிழா மேடைகளில் கிடாரும் உருமியும் சேர்ந்து அவள் பாட ஆரம்பித்தாலே விசிலடிக்கும் கூட்டம்தான் இது. இன்று எல்லோரும் பரீட்சை எழுத வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்ப டீசன்ட்டான ஆடியன்ஸ்" என்று காதருகே சொன்னார் இசைக்குழுவை நடத்தும் ரொனால்டு. அவள் கண்கள் முன்வரிசைக்கே போயின.

இந்த சிம்பொனிக் குழு சென்னையிலிருந்து வந்தது. இன்று பாடுவதை அப்படியே பதிவுசெய்து ஆல்பமாக வெளியிட வேண்டும். ராத்திரி ரயிலில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். இன்னொரு முறை இத்தனை பேரைக் கூட்ட வழியில்லை. சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரொனால்டு சொன்னபோது, "எங்க ஊரு ஆளுக கூடப் பாடுனாத்தான் சார் அது என் பாட்டு" என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான்.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது பின்வரிசையில் யாரோ ஒருவன் கைதட்டத் தொடங்கினான். முன்வரிசையிலிருந்த ஜக்கம்மாள் அத்தை திரும்பி ஒரு முறை முறைத்தாள். அவன் கை அப்படியே நின்றது.

பானு அதைப் பார்த்துவிட்டாள். சாமந்தி பயிரிட்டு அவளை வளர்த்து ஆளாக்கிய அத்தை. "நம்ம பாட்டுக்கு எதுக்குடி இம்புட்டுப் பேரு? கல்யாண வீட்டு பந்தி மாதிரில்ல உக்காந்திருக்காக" என்று நேற்று ஒத்திகையில் இசைக்குழுவைப் பார்த்துச் சிரித்த அத்தை. அது சிரிப்பு இல்லையோ? பிடிக்காததைத்தான் அப்படிச் சொன்னாளோ?

அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மைக் ஒயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஒரு பாட்டில் சரணத்தை முந்திக்கொண்டு எடுத்துவிட, ரொனால்டு கையைத் தாழ்த்தி அத்தனை வயலின்களையும் அவள் வேகத்துக்கு இழுத்து வந்தார். தாடிக்கொம்புப் பெருமாளே, என் ஜனமே என்னைக் கைவிட்டுடுச்சா என்று மனம் அரற்றியது.

கடைசிப் பாட்டு வந்தது. பறித்த பூவோடு ரோட்டோரம் காத்திருப்பவர்களும், எப்போது போன் போட்டாலும் ஒரே பதில் சொல்லும் வேன் டிரைவரும் அந்தப் பாட்டில் இருந்தார்கள். அவள் கேட்பாள், கூட்டம் பதில் சொல்லும். அதற்காகவே அந்த இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நிற்கும்படி ரொனால்டு அமைத்திருந்தார்.

"பூவு வாடுதே, வண்டி எங்கய்யா?"

வாத்தியங்கள் நின்றன. கூட்டம் வாய் திறக்கவில்லை. சில பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வாத்தியங்கள் மறுபடி தொடங்க, இரண்டாம் முறை கேட்டபோது அவள் குரல் உடைந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு" என்றது ஒரு மெல்லிய குரல்.

வயலின் வரிசையிலிருந்து வந்தது அது. ஜீனத். நேற்று ஒத்திகைக்கு அத்தை கொண்டுவந்த மல்லிகையை முதலில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்ட சென்னைப் பெண். இன்றும் அதையேதான் வைத்திருந்தாள். வில்லை மடியில் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பாடினாள். சுருதி சற்று விலகியே இருந்தது.

ஜக்கம்மாள் ஜீனத்தைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பைப் பார்த்தாள். மறுபடி ஜீனத்தின் தலையிலிருந்த வாடிய பூவைப் பார்த்தாள்.

மூன்றாம் முறை பானு கேட்டபோது, அத்தை எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "வந்துக்கிட்டே இருக்கு!"

அகரமே எழுந்தது. பிறகு அரங்கமே எழுந்தது. விசில் கிளம்பியது. செல்லோ வாசித்தவர்கள் கால்களால் தாளம் போட்டார்கள். நான்காம் முறை, ஐந்தாம் முறை என்று ரொனால்டு அந்த இடைவெளியை விட்டுக்கொண்டே இருந்தார். முடிந்தபோது பானுவின் கன்னம் நனைந்திருந்தது.

மேடையிலிருந்து இறங்கி ஓடியவளை அத்தை கலவரத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ரெக்கார்டு கெட்டுப்போச்சா?"

"என்னத்த சொல்ற?"

"நீ உள்ள இருந்தப்ப ஒரு தம்பி மைக்குல சொன்னாப்புல. அந்தச் செவப்பு பல்பு எரியுற வரைக்கும் மூச்சு விடக்கூடாது, ஒரு சத்தம் கேட்டாலும் பானுக்கா பாட்டு வீணாப்போகும்னு. அது அணையவே இல்லையே. கை தட்டப் போனவனக்கூட நான்தேன் அடக்குனேன்."

தன்னைக் கைவிட்டதாக அவள் நினைத்த அத்தனை பேரும் அவளுக்காகவே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்பு எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. அது தெரியாமல் அந்த மாலை முழுவதும் அவள் தவித்துவிட்டாள்.

"பெறகு எதுக்கு அத்த கத்துன?"

"அந்தப் புள்ள ஒத்தையா பாடுச்சுல்ல. நம்ம ஊருக்கு வந்த புள்ளைய ஒத்தையா விட்டுட்டு உக்காந்திருக்க மனசு கேக்கல. தப்புத்தேன்."

பின்னால் வந்து நின்ற ரொனால்டு, "அந்த இடத்துல ஒண்ணையும் வெட்ட மாட்டேன்மா. அமைதியும் இருக்கட்டும், ஜீனத் குரலும் இருக்கட்டும்" என்றார்.

"சுருதி?" என்றாள் ஜீனத்.

"அதுவும் இருக்கட்டும்."

அத்தைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பானு, அந்த பல்ப இப்பவாச்சும் அமத்தச் சொல்லுடி. ஆரம்பத்துலருந்து அடக்கி வச்சிருக்கேன். செத்த இருமிக்கிறேன்."